துரை வெட்டிய குரூவ்

“இத்த கொஞ்சம் படிச்சுச் சொல்லும்மா. இங்கிலீஷ்ல இன்னா திட்டிக்கீறாங்கன்னு எனக்கு முழுசா தெரியணும்.”

கரீம் பாய் நீட்டிய காகிதத்தை வாங்கிப் பிரிப்பதற்கு முன்பே அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எந்த அறிக்கையை வைத்து அந்தக் கடிதம் எழுதப்பட்டதோ, அதில் கையெழுத்துப் போட்ட ஐந்து பேரில் நானும் ஒருத்தி.

பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் வரும் சின்னப் பட்டறை அவருடையது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மூன்று லேத், ஏழு ஆட்கள். எங்கள் ஆய்வகத்தில் நாங்கள் வடிவமைக்கும் கருவிகளுக்கு அலுமினியக் கூடு செய்து தருபவர் அவர்தான். அன்றைக்குச் சனிக்கிழமை. உள்ளே நுழையும்போதே லேத் எண்ணெயின் காரல் மூக்கில் ஏறியது. இரண்டு லேத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. ஜன்னலோரத்து லேத்தின்மேல் சாக்கு போர்த்திக் கிடந்தது.

“துரை எங்க பாய்?”

“அனுப்பிட்டேன்.”

“லீவா?”

“லீவு இல்லம்மா. வேலைய வுட்டே அனுப்பிட்டேன். அவன் வெட்டுன குரூவ்தான் தப்புன்னு ஆபீஸ்லேர்ந்தே லெட்டர் வந்துட்ச்சே. அப்பறம் நானு இன்னா பண்ணுவேன்?”

கடிதத்தைப் படித்துச் சொன்னேன். சோதனையில் கருவிக்குள் தூசி புகுந்துவிட்டது. மூடியில் ரப்பர் வளையம் உட்காருவதற்காக வெட்டிய குரூவ், அதாவது அந்த வட்டப் பள்ளம், சரியில்லை என்று சந்தேகம். கூட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். பரிசோதித்துப் பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும். தவறினால் பட்டறையின் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும்.

“பேர எடுத்துட்டா அவ்ளோதான்,” என்றார் பாய். “உங்க லிஸ்ட்ல கீறேன்னுதான் மத்தவனும் வேல குடுக்கறான். எல்லாம் பேஜாரா பூடும்மா.”

நான் சாக்கு போர்த்திய அந்த லேத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேமரா ரிப்பேர் மேடம்

இந்தத் தொடரைப் படித்துவரும் ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். “எல்லா வாரமும் நீங்களே ஜெயிக்கிறீர்கள். ஒரு தப்புகூடப் பண்ணியதில்லையா?” என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அவருக்காகத்தான் இந்த வாரம்.

அதற்காக நான் அடக்க ஒடுக்கமாகப் பேசப்போவதில்லை. நான் என் வேலையை நன்றாகச் செய்தவள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை. ஒளியியல் படித்துவிட்டு இந்த ராணுவ ஆய்வக வேலைக்கு நேர்முகம் போனபோது, மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒருவர், “கல்யாணம் ஆகிவிட்டால் பாலைவனத்துக்கெல்லாம் போவீர்களா?” என்று கேட்டார். “கல்யாணம் ஆகாதவர்கள் எல்லாம் போய்க்கொண்டா இருக்கிறார்கள் சார்?” என்றேன். வீட்டுக்கு வந்து, வாய் கொழுப்பால் வேலை போச்சு என்று அழுதேன். வேலை கிடைத்துவிட்டது.

கல்யாணம் ஆகிச் சேலையூரில் குடித்தனம். என் கணவர் அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். காலை ஆறே முக்காலுக்கு கேம்ப் ரோட்டில் ஆபீஸ் பஸ் வரும். என்ன வேலை என்று வெளியில் சொல்லக்கூடாது. “லென்ஸ் சம்பந்தமான வேலை” என்று ஒருமுறை வாய்தவறிச் சொல்லப்போக, எங்கள் காலனி முழுக்க நான் கேமரா ரிப்பேர் செய்கிறவள் என்றே ஆகிப்போனது.

எதிர்வீட்டு ரோஸி அக்கா ஒருநாள் தன் கேமராவையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். “ஃபிளாஷ் எரியவே மாட்டேங்குது சுகந்தி. ஞாயித்துக்கிழமை பையனுக்கு ஞானஸ்நானம். கொஞ்சம் பாத்துக் குடும்மா.”

என்ன செய்ய? பார்த்துக் கொடுத்தேன். எரிந்தது. அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒன்று வந்தது. நாட்டின் ரகசியத்தைக் காப்பாற்ற நான் பட்ட பாடு இது.

பாயின் பட்டறைக்கு நான் போய்வந்ததும் இந்தச் சேலையூர் விலாசத்தால்தான். எங்கள் திட்டத் தலைவர் பெஞ்சமின் சார், “பெருங்களத்தூர் உங்களுக்குப் போற வழிதானே சுகந்தி, அப்படியே பாத்துட்டு வந்துடுங்க” என்பார். ஆய்வகம் நகரத்துக்கு அந்தக் கோடியில் இருந்தது. பெருங்களத்தூர் யாருக்குமே போகிற வழி இல்லை. ஆனாலும் போனேன். போகப் பிடித்திருந்தது.

அந்தப் பெட்டி

நாங்கள் செய்துகொண்டிருந்தது, எதிரே இருக்கும் இலக்கு எவ்வளவு தூரம் என்று லேசர் ஒளியை அனுப்பி அளக்கும் கருவி. டாங்கியில் பொருத்துவது. இன்றைக்கு இது பெரிய விஷயம் இல்லை. அன்றைக்கு வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தோம். நாமே செய்ய வேண்டும் என்பதில் எங்களுக்கெல்லாம் ஒரு வெறியே இருந்தது.

பெரிய டிபன் கேரியர் அளவுக்கு ஒரு பெட்டி. முன்பக்கம் வட்டமான லென்ஸ். பின்பக்கம் வட்ட மூடி. மூடியின் குரூவில் ரப்பர் வளையத்தை உட்கார வைத்துத் திருகினால் காற்று புகாது.

ஆனால் முழுக்க அடைத்தும் விடக்கூடாது. பகலில் சூடேறினால் உள்ளே இருக்கும் காற்று விரியும், ராத்திரி குளிர்ந்தால் சுருங்கும். அது போகவர ஒரு வழி வேண்டும். அதற்காக ஒரு சிறிய துளை வைத்து, தூசி வராமல் உள்ளே மெல்லிய உலோக வலை பதிப்போம். எங்கள் பேச்சில் அதற்கு ‘மூச்சு’ என்று பெயர்.

முதலில் மூச்சு பின்பக்கம் இருந்தது. கேபிள்கள் இடிக்கின்றன என்றார்கள். நான்தான் அதை முன்பக்கத்துக்கு, லென்ஸுக்கு நேர் மேலே கொண்டுவந்தேன். இரண்டு கூட்டங்களில் சண்டை போட்டு ஜெயித்தேன். பெஞ்சமின் சார், “உங்ககிட்ட பேசி யாரால ஜெயிக்க முடியும்?” என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

அந்த மாதிரிப் பெட்டிகள் மூன்று செய்தோம். மூன்று கூடுகளுக்கும் குரூவ் வெட்டியது துரை. பேச்சு கிடையாது அந்த மனிதரிடம். வெட்டி முடித்து, துணியால் துடைத்து, என் முன்னால் வைத்துவிட்டுக் கைகட்டி நிற்பார். நான் ஒவ்வொன்றையும் எட்டு இடத்தில் அளந்தேன். தலைமுடி அளவுகூட விலகல் இல்லை. மூன்றுக்கும் ‘சரி’ முத்திரை குத்தியது நான்.

கண்ணில் பூ

ஆய்வகத்தில் எல்லாச் சோதனையும் முடிந்து, ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு பாலைவனத்துக்குப் போனோம். குளிர் தொடங்கியிருந்த மாதம். பகலில் மண்டையைப் பிளக்கும் வெயில், பொழுது சாய்ந்தால் பல் தந்தியடிக்கும். டீயில்கூட மணல் நெறநெறக்கும்.

முதல் நாள் பிரமாதம். கருவி சொன்ன தூரமும் நிஜத் தூரமும் அப்படியே ஒத்துப்போயின. எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டாம் நாள் சிணுங்க ஆரம்பித்தது. மூன்றாம் நாள் பக்கத்தில் இருந்த இலக்கைக்கூட அளக்கவில்லை.

சோதனைக்கு உதவிய படைப்பிரிவில் வேலூர்ப் பக்கத்து ஹவில்தார் ஒருவர் இருந்தார். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “கண்ணுல பூ வுயுந்தாப்ல கீதே மேடம்” என்றார். பார்த்தேன். லென்ஸின் உட்புறத்தில் முகத்துக்குப் பவுடர் போட்டதுபோல் மெல்லிய தூசி.

ரயிலில் திரும்பி வந்து தாம்பரத்தில் இறங்கியபோது என் கணவர் வந்திருந்தார். முகத்தைப் பார்த்ததும் என் துணிப்பெட்டியை மட்டும் வாங்கிக்கொண்டார். எப்படிப் போச்சு என்று கேட்கவில்லை. அந்த விஷயத்தில் அவர் கெட்டிக்காரர்.

ஐந்தாவது கையெழுத்து

தோல்விக்குக் காரணம் கண்டுபிடிக்க ஐந்து பேர் கொண்ட குழு போட்டார்கள். தூசி உள்ளே போயிருக்கிறது. மூச்சில் வலை இருக்கிறது, அதன் வழியாகப் போக முடியாது. மிச்சம் மூடி ஒன்றுதான். ரப்பர் வளையம் புதிது. அப்படியானால் குரூவ்தான்.

“அளந்து பாத்தீங்களா சுகந்தி?” என்று கேட்டார் பெஞ்சமின் சார்.

“பாத்தேன் சார். அளவு சரியாத்தான் இருக்கு.”

“அப்பறம்?”

“கண்ணுக்குத் தெரியாத கீறல் ஏதாவது இருக்கலாம். வேற வழியே இல்ல சார்.”

குழுவில் ஒருவர், “சின்னப் பட்டறைல குடுத்தா இப்படித்தான்” என்றார். நான் அதை மறுக்கவில்லை. அறிக்கை தட்டச்சாகி வந்தது. ‘குரூவின் தரம் சந்தேகத்துக்குரியது.’ நான்கு பேர் போட்டார்கள். ஐந்தாவதாக நானும் போட்டேன். பேனா தயங்கவில்லை.

குண்டூசி

மறுபடியும் அந்தச் சனிக்கிழமைப் பட்டறைக்கு வருகிறேன். கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்ட பாய், திருப்பி அனுப்பப்பட்ட கூட்டைத் தூக்கி வந்து மேஜையில் வைத்தார். உள்ளே இருந்த சரக்கையெல்லாம் எடுத்துவிட்டிருந்தார்கள். வெறும் ஓடு.

“நானும் பத்து நாளா இத்தையே பாத்துகினு கீறேன். நம்ப லேத்துல ஒரு கொறையும் தெரில. நீயாச்சும் காட்டு.”

வெளிச்சத்துக்காகக் கூட்டை வாசலுக்கு எடுத்துப்போனோம். நான் மூடியையே புரட்டிக்கொண்டிருந்தேன். பாய் முன்பக்கத்தை வெயிலில் சாய்த்துப் பார்த்தார்.

“இந்தத் தம்மாத்தூண்டு ஓட்டையில இன்னாம்மா மஞ்சளா?”

“அது ஃபில்டர் பாய். வலை.”

“வலன்னா வெள்ளியாட்டம் மின்னும். இது மஞ்சளா கீதே.”

சுவரில் தொங்கிய காலண்டரிலிருந்து ஒரு குண்டூசியைப் பிடுங்கிக் குத்தினார். ஊசி இறங்கவில்லை. இன்னும் அழுத்திச் சுரண்டினார். உள்ளங்கையில் கொஞ்சம் பொடி விழுந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தார், மோந்து பார்த்தார். பிறகு கையை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“எங்க தர்கா சந்தனக்கூட்டுக்கு வருசா வருசம் சந்தனம் அரைக்கறது எங்க வூட்டு ஆளுங்கதான். எனக்குத் தெரியாதா? இது சந்தனம்மா.”



பொட்டு

மற்ற இடங்களில் ஆயுத பூஜைக்கு அரிவாள்மனைக்கும் சைக்கிளுக்கும் பொட்டு வைப்பார்கள். எங்கள் இடத்தில் நிஜமான ஆயுதத்துக்கே வைப்போம். வருஷத்தில் அந்த ஒரு நாள் ஆய்வகம் முழுக்கக் கதம்பமும் பொரியும் சாம்பிராணியுமாக இருக்கும். திட்டத் தலைவர் பூசணிக்காய் உடைக்க வேண்டும் என்பது வழக்கம். பெஞ்சமின் சார் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்; ஆனாலும் வேட்டி கட்டிக்கொண்டு வந்து, ஒரே போடாகப் போட்டு உடைப்பார்.

எங்கள் பிரிவில் பெண் நான் ஒருத்திதான். அதனால் சந்தனக் கிண்ணம் என் கைக்கு வந்துவிடும். டிசைன் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட எத்தனையோ முறை மறந்திருக்கிறார்கள், சந்தனக் கிண்ணத்துக்கு ஒரு வருஷம்கூட மறந்ததில்லை. நானும் முணுமுணுத்துக்கொண்டே வைப்பேன்.

அந்த வருஷம் முணுமுணுக்கவில்லை. சோதனையெல்லாம் தேறிய மூன்று பெட்டிகளும் மேஜையில் வரிசையாக இருந்தன. என் பெட்டிகள். லென்ஸ் முகம் மாதிரி, அதற்கு மேலே நெற்றி மாதிரி இடம். கை தானாக அங்கே போயிற்று. பெருமையில் நன்றாக அழுத்தியே வைத்தேன். சந்தனம், அதன்மேல் குங்குமம். அடுத்த வேலை நாளில் யாரோ ஈரத்துணியால் பளிச்சென்று துடைத்துப் பெட்டியைக் கட்டி அனுப்பிவிட்டார்கள். வெளியே இருந்தது போயிற்று. துளைக்குள் போனது வலையில் சிமெண்டாக இறுகி நின்றது.

சோதனை முடிந்த பொருளை யாரும் தொடக்கூடாது என்று எங்களிடம் கண்டிப்பான விதி உண்டு. சாமி கும்பிடுவது தொடுவதில் சேரும் என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. துளையை அங்கே வைத்த எனக்கே தோன்றவில்லை.

குக்கரில் வெயிட் போடும் துளையில் பருப்பு அடைத்துக்கொண்டால் ஆவி காஸ்கெட் ஓரமாகப் பீச்சுமே, அதே கதைதான். மூச்சு அடைத்துப்போனதும் பகலில் காற்று மூடி ஓரமாக முண்டிக்கொண்டு வெளியே போயிருக்கிறது. ராத்திரி குளிரில் அதே வழியாக மணலையும் இழுத்துக்கொண்டு உள்ளே வந்திருக்கிறது. உலகத்திலேயே சிறந்த குரூவாக இருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும்.

“யாரும்மா வச்சது?” என்றார் பாய்.

“நான்தான் பாய்.”

அவர் கையிலிருந்த குண்டூசியைக் கீழே போட்டார். பாய் சத்தம் போட்டு நான் அதற்கு முன் கேட்டதில்லை.

“அவன் எவ்ளோ சொன்னான் தெரியுமா? என் கையி தப்பாது பாய்னு சத்தியம் பண்ணான். பொண்டாட்டிய கூட்டியாந்து நின்னான். நானு நம்பலியே! உங்களாண்ட ஆபீஸ் லெட்டர் கீது, கையெழுத்து கீது. அவனாண்ட இன்னா கீது? வெறும் வாய்தான் கீது. பத்து வருசமா கூட இருந்தவன போடான்னு சொல்லிட்டேனே!”

ஓடிக்கொண்டிருந்த இரண்டு லேத்துகளும் நின்றுவிட்டன. எல்லோரும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 

சந்தனம்னே எழுதுங்க

வீட்டில் சொன்னேன். என் கணவர் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்தி, “உனக்கு இந்த வருஷம் பிரமோஷன் வரணுமே?” என்றார்.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று தோன்றவே இல்லை என்று எழுதினால் அது புளுகு. ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்த ஒன்றரை மணி நேரமும் தோன்றியது. ஆய்வகத்தில் இருக்கும் மற்ற இரண்டு பெட்டிகளையும் ஒரு குண்டூசியால் நோண்டிவிட அரை நிமிஷம் போதும். யாருக்குத் தெரியும்? பிறகு துணியைக் கொடியில் போட்டேன். அந்த நினைப்பும் போயிற்று. சாக்கு போர்த்திய லேத் மட்டும் போகவில்லை.

திங்கட்கிழமை பெஞ்சமின் சாரைக் கூட்டிக்கொண்டு போய் அவர் கண்ணெதிரே மற்ற இரண்டு பெட்டிகளையும் சுரண்டிக் காட்டினேன். இரண்டிலும் சந்தனம். அவர் பொடியைக் கையில் வாங்கி மோந்து பார்த்தார்.

குழு மறுபடி கூடியது. நான் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். ஒருவர் சிரித்துவிட்டார். இன்னொருவர், “டெல்லிக்கு இதைப் போய் எப்படி எழுதறது? வெளிப்பொருள் அடைப்புன்னு போட்டு முடிச்சுடலாம்” என்றார்.

“அந்தப் பட்டறைக்குப் போன லெட்டர்?” என்றேன்.

“அது கிடக்கட்டும்மா. ஆறு மாசம் போனா மெதுவா திரும்பச் சேத்துக்கலாம். ஆபீஸ் எழுதின லெட்டரை ஆபீஸே தப்புன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?”

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். “நல்லா இல்லாட்டி பரவாயில்ல சார். அவங்க மேல தப்பில்லன்னு இன்னிக்கே லெட்டர் போகணும். வச்சது நான், துளைய அங்க கொண்டுபோனது நான், முத்திரை குத்தினதும் நான். அவங்க குரூவ் சரியாத்தான் இருந்துச்சு. இதை எல்லாம் எழுதாத ரிப்போர்ட்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

பெஞ்சமின் சார் மேஜையைத் தட்டினார். “சந்தனம்னே எழுதுங்க சுகந்தி. பூசணிக்கா உடைச்சது யாருன்னு கேட்டா என் பேரையும் போட்டுக்கோங்க.”

அன்றே கடிதம் போயிற்று. அந்த வருஷம் பதவி உயர்வு எனக்கு வரவில்லை. இரண்டு வருஷம் கழித்து வந்தது. மூச்சுத் துளையைக் கீழே பார்க்கும்படி திருப்பி ஒரு குட்டிக் குல்லா போட்டேன். அடுத்த குளிர்காலத்தில் அதே பாலைவனத்தில் என் பெட்டி பன்னிரண்டு நாள் ஒரு சிணுங்கல் இல்லாமல் அளந்தது. ஆயுத பூஜைக்கு அதற்குப் பிறகு மேஜைக்குத்தான் பொட்டு. இதெல்லாம் சரி. ஆனால் இந்த வாரம் நான் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை.

சிட்லபாக்கத்தில்

கடிதம் அனுப்பிய வாரத்தின் சனிக்கிழமை, பாயும் நானும் துரையைத் தேடிப் போனோம். சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் போகும் வழியில் ஒரு கிரில் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். தலைமுடி அளவு பிசகாமல் வெட்டுகிற கை, ஜன்னல் கம்பியை ரம்பம் போட்டு அறுத்துக்கொண்டிருந்தது.

எங்களைப் பார்த்தும் அவர் நிறுத்தவில்லை. அந்தக் கம்பியை முழுசாக அறுத்து முடித்த பிறகுதான் நிமிர்ந்தார்.

“தப்பு நம்பளுது இல்லடா துரை,” என்றார் பாய். “ஆபீஸ்லேர்ந்தே எய்திக் குடுத்துட்டாங்க. நானு உன்ன அப்டிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கோ. வா.”

துரை பாயைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தார்.

“மேடம், அன்னிக்கு எட்டு எடத்துல அளந்தீங்களே. இன்னா வந்துச்சு?”

“சரியாத்தான் வந்துச்சு துரை.”

“பாலைவனத்துலேர்ந்து வந்தப்பறம் அளந்தீங்களா?”

“அளந்தேன். அப்பவும் சரியாத்தான் இருந்துச்சு.”

“அப்பறம் ஏன் மேடம் கையெழுத்துப் போட்டீங்க?”

இவ்வளவு வருஷத்தில் எத்தனையோ தளபதிகள், எத்தனையோ நிபுணர் குழுக்கள் என்னைக் குடைந்திருக்கிறார்கள். ஒருவரிடமும் நான் திணறியதில்லை. அந்தக் கிரில் பட்டறை வாசலில் திணறினேன்.

“என் டிசைன்ல தப்பு இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல துரை.”

“என் கையில தப்பு இருக்கும்னு மட்டும் தோணுச்சா?”

நான் தலையாட்டினேன். ஆமாம், தோன்றியது. அளவில் தப்பில்லை என்று அளவுகோல் காட்டிய பிறகும் தோன்றியது. அதுதான் உண்மை.

பாய், “அதான் லெட்டர் வந்துட்ச்சேடா” என்று தன் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். துரை வாங்கிப் பார்த்தார். முழுக்க இங்கிலீஷ். பட்டறை பெயர் இருந்தது. துரை என்ற பெயர் அதில் எங்கேயும் இல்லை. பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“இது உங்களுக்கு வந்தது பாய். என் வூட்ல எல்லாரும் என் கையி போயிட்ச்சுன்னு நெனச்சுகினு கீறாங்க. அவங்களுக்கு நானு இன்னாத்தக் காட்டுறது?”

என் கைப்பையில் ஒரு குறிப்பு நோட்டு இருந்தது. ஒரு தாளைக் கிழித்தேன். எங்கள் வேலையைப் பற்றி வெளியாருக்கு ஒரு வரிகூட எழுதித் தரக்கூடாது என்பது விதி. அதை நினைத்துப் பார்த்தேன். பிறகு அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து தமிழில் எழுதினேன்.

‘துரை வெட்டிய குரூவை நான் இரண்டு முறை அளந்தேன். இரண்டு முறையும் சரியாக இருந்தது. தெரிந்தும் அது தப்பு என்று கையெழுத்துப் போட்டேன். தவறு என்னுடையது.’

கீழே பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். துரை கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். உதடு அசைய ஒருமுறை படித்தார். இன்னொரு முறை படித்தார். பிறகு தாளை என்னிடமே திருப்பி நீட்டினார்.

“தேதி போடல மேடம்.”

போட்டுக் கொடுத்தேன். நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அறுத்துப்போட்டிருந்த கம்பிகளைப் பொறுக்கி ஒழுங்காக அடுக்கி வைத்தார்.

“இந்த ஜன்னல முடிச்சுக் குடுத்துட்டு வர்றேன் பாய்,” என்றார்.